நாரி நோவு, பிடரி நோவு: ஒப்பரேஷனுக்கு முன்னால் எத்தனையோ இருக்கிறது

(சாய்ந்தமருதில் புதிய வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்களின் கூட்டத்தில் பேசியது. கூட்டத்துக்கு வரமுடியாமல் போனவர்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)



உம்மாமாரே, ராத்தாமாரே, பின்னால் சுவரோடு சாய்ந்து நிற்கிற காக்காமாரே, முதலில் ஒரு விஷயம். நிற்க முடியாதவர்கள் கதிரையில் இருங்கள். இருக்க முடியாதவர்கள் எழும்பி நில்லுங்கள். நடுவில் எழும்பிப் போய் வாசலில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தாலும் நான் குறை நினைக்க மாட்டேன். இன்றைக்கு நாரி நோவைப் பற்றித்தான் பேசப்போகிறோம். அதை அரை மணித்தியாலம் அசையாமல் இருந்து கேளுங்கள் என்று சொன்னால் என்னுடைய பேச்சுக்கு நானே மாறு செய்ததாகிவிடும்.

நான் டொக்டர் இல்லை. இந்த நிறுவனத்தில் தகவல் வேலை பார்க்கிறவள், படித்தது கலைப் பிரிவு. காணி உறுதி கிடைத்ததா, தண்ணீர் இணைப்பு வந்ததா என்று கேட்டுக்கொண்டுதான் உங்கள் வீடுகளுக்கு வந்தேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, நான் செருப்பைப் போடுகிற நேரம் பார்த்து, "புள்ள, இந்த நாரி நோவு விடுதில்ல, என்ன செய்யலாம்?" என்று கேட்டவர்கள் பலர். படிவத்தில் அதை எழுத இடம் இருக்கவில்லை. அதனால்தான் இந்தக் கூட்டம். இங்கே நான் சொல்லப்போவதை எங்களோடு வேலை செய்கிற பிசியோதெரபி உத்தியோகத்தர் ஒருவர் வரிக்கு வரி பார்த்துத் திருத்தித் தந்திருக்கிறார்.

நோவு ஏன் இவ்வளவு பேருக்கு என்று யோசித்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பள்ளிக்கூடத் தரையில் படுத்தோம், கூடாரத்தில் படுத்தோம், தகரக் கொட்டிலில் படுத்தோம். 65 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள், காணி தேடி அலைந்தோம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் மௌத்தானார்கள். அந்தத் துக்கத்தோடு இத்தனை வருஷம் போனது. இப்போது வீடு கிடைத்திருக்கிறது. வீடு கிடைத்ததும் என்ன செய்கிறோம்? மண் சுமக்கிறோம், கல் அடுக்குகிறோம், அலுமாரியைத் தூக்கி இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு வைக்கிறோம். கரைவலை இழுக்கிறவர்கள், வட்டையில் குனிந்து நிற்கிறவர்கள், மருதமுனையில் தறியில் இருக்கிறவர்கள், தையல் மெஷினுக்கு முன்னால் தலையைக் கவிழ்ந்திருக்கிற பிள்ளைகள், எல்லாருக்கும் உடம்பில் ஒரே இடம்தான் முதலில் பேசுகிறது.

நோவை விட எனக்குப் பயமாக இருப்பது, நோவைப் பற்றி நம் ஊரில் இருக்கிற பேச்சு. "டிஸ்க் விலகிட்டுதாம்" என்ற ஒரு சொல் போதும், வீடே ஆடிப்போகும். பிறகு இரண்டு வழிதான் இருக்கிறது என்று நினைக்கிறோம். ஒன்று, ஒப்பரேஷன். இல்லையென்றால் சாகும்வரை படுக்கை.

என்னுடைய வாப்பாவின் கதையைச் சொல்கிறேன். அவர் மருதமுனையில் தறி நெய்தவர். காலையில் தறியில் இருந்தால் லுஹருக்குத்தான் எழும்புவார். ஒரு நாள் நூல் மூட்டையைத் தூக்கினார், நாரியில் பிடித்துக்கொண்டது. பலகையில் மல்லாக்கப் படுக்கவேண்டும், எழும்பவே கூடாது என்று ஒருவர் சொன்னார். வாப்பா சொல் கேட்கிற மனிதர், எழும்பவே இல்லை. மூன்று கிழமை. சாப்பாடும் படுக்கையில்தான். மூன்று கிழமைக்குப் பிறகு எழும்பச் சொன்னபோது கால் நடுங்கியது, நோவு முன்னை விடக் கூடியிருந்தது. மாமா கொழும்புக்குக் கூட்டிப்போய் ஒரு தனியார் இடத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தார். பெயர் தேவையில்லை. அறிக்கையில் இரண்டு இடத்தில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தது. ஒப்பரேஷனுக்கு நாள் தரலாம் என்றார்கள், காசு எவ்வளவு என்றும் சொன்னார்கள். உம்மாவின் மாலையும் காப்பும் அடைவுக்குப் போனது அந்தக் கிழமைதான்.

ஒப்பரேஷன் நடக்கவில்லை. அதற்கு முதல் நாள்கூட அல்ல, காசு கட்டப் போகிற வழியில், சொந்தக்காரர் ஒருவர் வற்புறுத்தி அரசாங்க வைத்தியசாலையில் இன்னொரு டொக்டரிடம் காட்டவைத்தார். அவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க முன்னர் வாப்பாவைப் பார்த்தார். குதிக்காலில் நடக்கச் சொன்னார், நுனிக்காலில் நடக்கச் சொன்னார், முழங்காலைத் தட்டினார், காலில் எங்கே மரத்திருக்கிறது என்று கேட்டார். பிறகு, "படத்தில் இருக்கிறதை வெட்டலாம், உங்கட நோவை வெட்ட ஏலாது. போய் நடங்க" என்றார். வாப்பாவுக்கு அன்று கோபம் வந்தது. மூன்று மாதத்தில் தறிக்குத் திரும்பினார். மாலை திரும்பி வர அதைவிடக் கன காலம் எடுத்தது.

அந்த டொக்டர் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறது. 1994இல் அமெரிக்காவில், நாரி நோவே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 64 பேரின் டிஸ்க்கில் ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. பாதிப் பேருக்கு மேல் பிதுங்கல் இருந்தது. நோவு இல்லாத மனிதர்கள்! முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற அந்தத் தட்டுக்கும் வயது போகிறது. தலைமுடி நரைப்பதற்கு யாரும் ஒப்பரேஷன் செய்வதில்லை. அதனால் ஸ்கேன் தாளில் இருக்கிற சொல்லைப் பார்த்து நகையை எடுக்காதீர்கள். உங்கள் காலையும் கையையும் தொட்டுப் பரிசோதித்த டொக்டர் என்ன சொல்கிறார் என்பதைக் கேளுங்கள்.

படுக்கையைப் பற்றியும் பார்த்திருக்கிறார்கள். 1995இல் பின்லாந்தில், புதிதாக நாரி பிடித்தவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு இரண்டு நாள் படுக்கை. இன்னொரு கூட்டத்துக்குப் பயிற்சி. மூன்றாவது கூட்டத்துக்கு, நோவு விடுகிற அளவுக்கு வழக்கமான வேலையைச் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். முதலில் சுகமானவர்கள் மூன்றாவது கூட்டத்தார். ஆகப் பிந்தியவர்கள் படுத்தவர்கள். இரண்டே நாள் படுத்தவர்கள்! என்னுடைய வாப்பா மூன்று கிழமை படுத்தார்.

இன்னொன்றும் சொல்ல ஆசை, ஏனென்றால் இது என்னுடைய தொழிலோடு சேர்ந்தது. 1997இலிருந்து அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், நாரி நோவு வந்தால் படுக்காதீர்கள், அசையுங்கள், வேலைக்குப் போங்கள் என்று தொலைக்காட்சியில் விளம்பரம் போட்டார்கள். மருந்து கொடுக்கவில்லை, பேச்சு மட்டும்தான். சனங்களின் பயம் குறைந்தது, முதுகு நோவுக்காக நட்டஈடு கேட்டு வந்த விண்ணப்பங்களும் குறைந்தன. டொக்டர்மார்கூட வைத்தியம் செய்யும் விதத்தை மாற்றினார்கள். சரியான சொல்லும் ஒரு மருந்துதான் என்று நான் நம்புவதற்கு இது ஒரு காரணம்.

இனி, நாம் என்ன செய்யலாம்?

நோவு புதிதாகப் பிடித்திருந்தால், மிகவும் கடுமையான முதல் ஓரிரு நாளில் இடைக்கிடை படுக்கலாம். மல்லாக்கப் படுத்து முழங்காலுக்குக் கீழே தலையணை வையுங்கள், அல்லது பக்கவாட்டில் படுத்து இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வையுங்கள். ஆனால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழும்பி வீட்டுக்குள் நடக்கவேண்டும். பெரும்பாலான நாரிப்பிடிப்பு ஆறு கிழமைக்குள் தானாகத் தணியும். காலுக்கு மின்னல் மாதிரி இழுக்கிற நோவும், கொஞ்சம் நாள் கூட எடுத்தாலும், பெரும்பாலும் ஒப்பரேஷன் இல்லாமலே அடங்கும்.

மூன்று மாதத்துக்கு மேல் போனதைத்தான் நாட்பட்ட நோவு என்கிறார்கள். அதற்கு ஆக நல்ல வைத்தியம் உடம்பை அசைப்பது. எந்தப் பயிற்சி என்பதைவிட விடாமல் செய்வதுதான் முக்கியம். ஆகச் சுலபம் நடை. முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். இரண்டு நாளுக்கொரு தடவை ஓரிரு நிமிடம் கூட்டி, அரை மணித்தியாலம் வரைக்கும் கொண்டுபோகலாம். கடற்கரையில் நடங்கள் என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் இங்கே இருக்கிற பலர் அந்தப் பக்கம் இன்னும் போவதில்லை என்று எனக்குத் தெரியும். போகவேண்டாம். சுபஹுக்குப் பிறகு இந்தத் திட்டத்து ஒழுங்கைகளிலேயே நாலைந்து ராத்தாமார் சேர்ந்து நடக்கலாம். அதுவும் சரிவராது என்றால் வளவுக்குள் நடங்கள். நாரிக்கு வளவும் ஒன்றுதான், கடற்கரையும் ஒன்றுதான்.

நடையோடு, பாயில் செய்கிற மூன்று அசைவு. மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடக்கி, ஒரு முழங்காலைக் கையால் பிடித்து நெஞ்சுப் பக்கம் மெதுவாக இழுங்கள், பிறகு மற்றக் கால். அதே மாதிரி மடக்கிய முழங்கால் இரண்டையும் சேர்த்து இடப்பக்கமும் வலப்பக்கமும் மெதுவாகச் சாயுங்கள். கடைசியாக, பாதத்தை ஊன்றி இடுப்பைக் கொஞ்சம் உயர்த்தி, ஐந்து எண்ணி இறக்குங்கள். ஒவ்வொன்றும் பத்துத் தடவை, காலையும் மாலையும். முதல் கிழமை தசை கொஞ்சம் நோகும். தோட்டம் கொத்தின மறுநாள் கை நோகிற மாதிரி, பயப்படாதீர்கள். ஆனால் நோவு நாரியிலிருந்து காலுக்கு இறங்கிக்கொண்டே போனால் அந்த அசைவை நிறுத்துங்கள்.

தொழுகையைப் பற்றிக் கேட்டீர்கள். தொழுகையை ஒரு உடற்பயிற்சி என்று நான் சொல்ல வரவில்லை, அது வேறு விஷயம். ருகூஃவுக்கும் சுஜூதுக்கும் உடம்பு இடம் தருகிறதென்றால் நாரிக்காகப் பயந்து விடவேண்டியதில்லை, மெதுவாகக் குனிந்து மெதுவாக எழும்புங்கள். முடியாத நாளில் கதிரையில் இருந்து தொழுவதைப் பற்றி உங்கள் மௌலவியிடம் கேளுங்கள்.

சூட்டு ஒத்தணம் நல்லது. உப்பை வறுத்துத் துணியில் கட்டியோ, சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றியோ கால் மணித்தியாலம் வைக்கலாம். சீனி வருத்தம் இருக்கிறவர்களுக்குத் தோலில் சூடு தெரியாமல் போகலாம், வேறொருவர் கையால் பார்த்து வைக்கவேண்டும். எண்ணெய் பூசி உருவுவதும் இதமாக இருக்கும், தசை இளகும். இளகின அந்த நேரத்தில் எழும்பி நடந்தால்தான் பலன். உருவிவிட்டுப் படுத்தால் எண்ணெய்க் காசு வீண். பரியாரியிடமோ யூனானி, ஆயுர்வேத வைத்தியரிடமோ போவதை நான் தடுக்கவில்லை, பதிவு பெற்றவரா என்று பாருங்கள். ஆனால் முதுகில் ஏறி மிதிப்பதற்கும், கழுத்தைப் பிடித்துச் சட்டென்று திருப்பி நெட்டி எடுப்பதற்கும் இடம் கொடுக்காதீர்கள். நெட்டி முறிக்கிற சலூன் கதிரைக்கும் இது பொருந்தும், காக்காமாரே.

குளிசை விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகச் சொல்லவேண்டும். பனடோல் போடுவதென்றால் பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு இரண்டு, நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. டைக்ளோபெனாக் மாதிரிக் குளிசைகள் நோவைக் குறைக்கும், உண்மை. ஆனால் டொக்டர் ஐந்து நாளைக்கு எழுதின துண்டை வைத்து ஐந்து மாதம் பார்மசியில் வாங்குகிறோம். வயிற்றில் புண் வரும், பிரஷர் கூடும், சிறுநீரகம் கெடும். சீனியும் பிரஷரும் இருக்கிற மூத்தம்மாமார் கேட்காமல் போடவே வேண்டாம். "ஒரே நாளில் நோவு பறக்கும்" என்று பெயரில்லாத பொடியோ உருண்டையோ யாராவது தந்தால் வாங்காதீர்கள். ஸ்டீரொய்ட் கலந்திருந்தால் நோவு பறக்கிற மாதிரித்தான் இருக்கும், பிறகு முகம் வீங்கும், சீனி ஏறும், எலும்பு கரையும்.

இடுப்புப் பட்டி? பாரமான வேலை இருக்கிற ஒரு நாளைக்குக் கட்டலாம். மாதக்கணக்கில் கட்டினால் நோவு சுகமாவதில்லை, அதற்குக் காசைக் கொட்டாதீர்கள். பாரம் கட்டி இழுக்கிற வைத்தியத்துக்கும் பெரிய பலன் காணப்படவில்லை.

புதிய வீட்டில் சில சின்ன வேலை. அடுப்பைத் தரையிலிருந்து எடுத்து இடுப்பளவு மேடையில் வையுங்கள், அம்மியையும் அப்படியே. கட்டை விளக்குமாற்றுக்கு நீளத் தடி கட்டுங்கள். பெரிய குடம் ஒன்றை ஒரு பக்க இடுப்பில் வைப்பதைவிடச் சின்ன வாளி இரண்டை இரண்டு கையிலும் கொண்டுவருவது நல்லது, இரண்டு நடை போனாலும் போகட்டும். பாரம் தூக்கும்போது கிட்டப் போய், முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பாதீர்கள். அலுமாரிக்கு இரண்டு பேர்.

பிடரி நோவுக்கும் இதே கதைதான். தறியோ தையல் மெஷினோ, அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, தோள் இரண்டையும் பின்னால் இழுத்து விடுங்கள். நாடியை உள்ளே இழுத்துக் கழுத்தை நிமிர்த்தி ஐந்து எண்ணுங்கள், பிறகு தலையை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புங்கள். மெஷின் மேசை தாழ்வாக இருந்தால் காலுக்குக் கீழே கல் வைத்து உயர்த்துங்கள். படுக்கும்போது ஒரு தலையணை போதும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, சொல்லக் கொஞ்சம் தயக்கம். ஒரு வீட்டில் ஒரு உம்மா, முகாமில் இருந்த காலத்தில் தொடங்கின நோவு என்று சொன்னார். என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். வேலை ஒன்றும் இல்லை, இரவில் நித்திரை வராது, பிள்ளையை நினைத்துக்கொண்டு இருப்பேன் என்றார். அவருடைய நோவு பொய்யில்லை. மனசில்தான் இருக்கிறது என்று சொல்லி யாரும் அவரை அனுப்பக் கூடாது. நித்திரை இல்லாமல், கவலையோடு, பயத்தோடு இருக்கிற உடம்பில் நரம்புகள் எந்நேரமும் விழித்துக்கொண்டிருக்கும். மற்றவர்களுக்குச் சின்னதாகத் தெரிகிற நோவு அங்கே பெரிதாகத் தெரியும். அதனால் நித்திரையைப் பற்றியும் கவலையைப் பற்றியும் டொக்டரிடம் சொல்வது நாரி வைத்தியத்தில் ஒரு பகுதிதான். வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த உம்மா இப்போது பக்கத்து வீட்டு ராத்தாவோடு காலையில் நடக்கிறார். நோவு போய்விட்டதா என்று கேட்டேன். "இருக்கு, ஆனா நான் சமைக்கிறன்" என்றார்.

இனி, வீட்டு வைத்தியம் செய்துகொண்டிருக்கக் கூடாத நேரம். இதை மட்டும் மறக்காதீர்கள். சிறுநீர் போகாமல் அடைத்தால், அல்லது அறியாமல் போனால், மலம் கட்டுப்படாவிட்டால், இரண்டு தொடைக்கும் நடுவில், சைக்கிள் சீட்டில் படுகிற இடம் மரத்துப்போனால், கால் பலம் குறைந்து பாதம் தொங்கினால் அன்றைக்கே, இரவானாலும், வைத்தியசாலைக்குப் போகவேண்டும். இங்கேதான் ஒப்பரேஷன் உண்மையில் தேவைப்படலாம், தாமதித்தால் திரும்பாது. வெட்கத்தில் பெண்கள் இதைச் சொல்லாமல் விடுகிறார்கள், மகளிடமாவது சொல்லுங்கள். கழுத்து நோவோடு கை பலமிழந்தாலும், நடை தடுமாறினாலும் அப்படியே. விழுந்த பிறகு வந்த கடும் நோவு, காய்ச்சலோடு வருகிற நோவு, காரணமில்லாமல் உடம்பு மெலிவது, முன்பு புற்றுநோயோ காசநோயோ இருந்தது, இரவும் பகலும் எப்படிப் படுத்தாலும் குறையாத நோவு, இவற்றையும் தாமதிக்காமல் காட்டுங்கள். காசநோய் முள்ளந்தண்டிலும் வரும்.

எங்கே காட்டுவது? கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. இரண்டும் அரசாங்கத்துடையவை, காசு இல்லை. முதலில் வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள். குளிசைத் துண்டு தந்தவுடன் எழும்பி வராமல், "டொக்டர், எனக்குப் பிசியோதெரபி சரிவருமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வரிசையில் நின்று களைத்த பிறகு கேட்க மனம் வராது, தெரியும். கேளுங்கள். ஒப்பரேஷன் என்று யாராவது சொன்னால், மேலே சொன்ன ஆபத்தான அடையாளம் எதுவும் இல்லையென்றால், இன்னொரு டொக்டரிடம் காட்டுவதற்கு உங்களுக்கு நேரம் இருக்கிறது. நகையை அடைவு வைக்க முன்னர் அந்த ஒரு பயணத்தைப் போங்கள்.

வருகிற வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு, பாயில் செய்கிற அந்த மூன்று அசைவையும் எங்கள் பிசியோதெரபி உத்தியோகத்தர் செய்து காட்டுவார். பெண்களுக்கு இந்த மண்டபத்தில், ஆண்களுக்கு மறுநாள் ஜும்ஆவுக்குப் பிறகு. ஆளுக்கொரு பாய் கொண்டு வாருங்கள், பழைய பன்பாய் போதும்.